கல்யாணத்துக்கு முன் குளுட்டாதயோன் டிரிப்ஸ் போடச் சொல்கிறார்கள், பாதுகாப்பானதா?

நெல்லை_அக்கா
எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். மேக்கப்புக்கு முன்பணம் கொடுத்த பார்லரிலேயே இப்போது ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். வாரம் ஒரு சிட்டிங், குளுட்டாதயோனும் வைட்டமின் சியும் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றுவார்களாம். முகம் மட்டுமல்ல, உடம்பு முழுக்கக் கலர் வருமாம். "இது மருந்தே இல்லைங்க, ஆன்டிஆக்ஸிடன்ட். நம்ம உடம்பிலேயே இருக்கிற பொருள்தான், பக்கவிளைவே கிடையாது" என்று அந்த அக்கா அடித்துச் சொல்கிறார்.

தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. பனிக்காலத்தில் இன்னமும் இன்ஹேலர் தேவைப்படும். அம்மா போட்டுவிடலாம் என்கிறார், எனக்கு மனம் ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சள்வெயில்
அக்கா, நான் போன வருடம் என் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தேன். கலர் நன்றாகவே வந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊசி போட்ட அன்று மட்டும் லேசாகத் தலை சுற்றும். அப்புறம் ஆறேழு மாதத்தில் பழைய நிறத்துக்கே வந்துவிட்டேன். தொடர்ந்து மெயின்டெனன்ஸ் டோஸ் போட்டால் நிற்கும் என்றார்கள். நல்ல இடமாகப் பார்த்துப் போங்கள், அவ்வளவுதான்.

வார்டு_செவிலி
நெல்லை அக்கா, நான் அரசு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். நரம்பு வழியாக ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது செல்களைச் சேதத்திலிருந்து காக்கும் பொருள் ஏற்றுவது எங்களுக்கு அன்றாட வேலை. அதனால் அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன்.

என்-அசிட்டைல் சிஸ்டின் என்று ஒரு மருந்து. நாங்கள் 'நாக்' என்போம். பாரசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்கும், எலி பேஸ்ட் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டு வருகிறவர்களுக்கும் கொடுக்கிறோம். கல்லீரலில் தீர்ந்துபோன குளுட்டாதயோனை உடம்பே மறுபடி தயாரிக்க அது உதவுகிறது. அதாவது உங்கள் பார்லர் அக்கா சொல்கிற அதே பொருளுக்கான மூலப்பொருள். பாரசிட்டமால் விஷத்தில் உயிரைக் காப்பாற்றும் மருந்து. ஆனாலும் அதை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. நோயாளியின் எடை பார்த்து, கிலோவுக்கு 150 மில்லிகிராம் கணக்கில் முதல் பாட்டில் ஒரு மணி நேரம், அடுத்தது நான்கு மணி நேரம், கடைசி பாட்டில் 16 மணி நேரம் என்று பிரித்துப் போடுகிறோம். முதல் பாட்டிலை முன்பெல்லாம் 15 நிமிடத்தில் ஏற்றுவார்கள். வேகமாக ஏற்றினால் உடம்பு சிவந்து, தடித்து, மூச்சு இழுக்கிறது என்பதால் பிரிட்டனில் 2012ல் அதை ஒரு மணி நேரமாக மாற்றினார்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இந்த எதிர்வினை இன்னும் மோசமாக வரும். அந்த முதல் பாட்டில் ஓடி முடியும் வரை ஒரு செவிலி கட்டிலை விட்டு நகர மாட்டார்.

ஆக, உயிர் போகிற நிலையில் இருப்பவருக்கே இவ்வளவு ஜாக்கிரதையாகக் கொடுக்கிறோம். உங்கள் தங்கைக்கு இந்த டிரிப்ஸ் தேவைப்படும் எந்த நோயும் இல்லை. அவரைப் படுக்க வைத்து, வீசிங் உண்டா என்றுகூடக் கேட்காமல் ஏற்றப் பார்க்கிறார்கள்.

பார்லரில் நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஊசி போடுவது யார், அவர் பதிவு பெற்ற செவிலியா? மருந்து உள்ளே போகும்போது டாக்டர் அந்தக் கட்டிடத்தில் இருப்பாரா? கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் அட்ரினலின் ஊசி, ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதா? ஒவ்வாமை வந்து பி.பி. இறங்கினால் முதலில் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு "அப்படியெல்லாம் வராதுங்க" என்று பதில் வந்தால் அங்கே உட்காரவே வேண்டாம்.

தாவோ_மாணவன்
நான் பிலிப்பைன்ஸில் தாவோ நகரத்தில் எம்.டி. படிக்கிறேன், ஊர் சேலம். இங்கே இந்த டிரிப்ஸ் சந்தைக்குச் சந்தை இருக்கிறது. 'குளூட்டா' என்றாலே எல்லோருக்கும் தெரியும். அதனால் இந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி ரொம்ப நாளாகவே எச்சரித்து வருகிறது. 2011லும் எச்சரித்தார்கள், 2019ல் இன்னும் விரிவாக எச்சரித்தார்கள்.

இங்கே குளுட்டாதயோன் ஊசிக்கு உள்ள அனுமதி ஒன்றே ஒன்றுதான். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து கொடுக்கும்போது துணை மருந்தாகத் தரலாம். தோல் நிறத்துக்கு அனுமதி இல்லை. கல்லீரல், சிறுநீரகம், நரம்பு மண்டலம் மூன்றுக்கும் நச்சாகலாம் என்றும், ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற கொடுமையான தோல் எதிர்வினை வரலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அது வந்தால் வாய், கண், தோல் எல்லாம் வெந்ததுபோல் உரிந்துவிடும். கூடவே வைட்டமின் சி சேர்ப்பதைப் பற்றியும் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள், சிறுநீரகக் கல் வரலாம், ஜி6பிடி என்ற, ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அந்த அணுக்கள் உடையலாம் என்று. மருத்துவர் அல்லாதவர் போடும் ஊசியால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரவும் ஆபத்தும் அதே அறிவிப்பில் இருக்கிறது.

2024 ஜனவரியில் கெசான் நகரத்தில் குளுட்டாதயோன் டிரிப்ஸும் ஸ்டெம் செல் சிகிச்சையும் எடுத்த ஒரு பெண் இறந்துபோனார். சுகாதாரத் துறை மறுபடியும் எச்சரிக்க வேண்டியிருந்தது. தலைமுறையாக இதைப் பார்த்துவிட்ட நாடு இப்படிச் சொல்கிறது அக்கா, யோசியுங்கள்.

கணக்குப்பிள்ளை
ஒரு மாற்றுக் கருத்து. எந்த மருந்துக்குத்தான் பக்கவிளைவு இல்லை? பாரசிட்டமாலுக்கும் இருக்கிறது, பெனிசிலினுக்கும் இருக்கிறது. லட்சக்கணக்கானோர் இந்த டிரிப்ஸ் எடுக்கிறார்கள், எங்கோ ஒருவருக்கு ஏதோ ஆகிறது. அதை வைத்துப் பயமுறுத்துவது சரியா? ஆய்வு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

தோல்மருத்துவர்_திருச்சி
கணக்குப்பிள்ளை ஐயா, நியாயமான கேள்வி. ஆய்வு இருக்கிறது, சின்னதுதான்.

2016ல் பாகிஸ்தானில் வெளியான ஆய்வு அது. 50 பெண்கள். 25 பேருக்கு 1,200 மில்லிகிராம் குளுட்டாதயோன், வாரம் இரண்டு முறை, ஆறு வாரம். மற்ற 25 பேருக்கு வெறும் உப்புநீர். குளுட்டாதயோன் முழுமையாக எடுத்து முடித்தவர்களில் 37.5 சதவீதம் பேருக்கு நிறம் கொஞ்சம் மாறியது. வெறும் உப்புநீர் ஏற்றியவர்களிலும் 18.7 சதவீதம் பேர் மாறியதாகப் பதிவாகியிருக்கிறது, இதைக் கவனியுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த நிறம் ஒரே ஒருவருக்குத்தான் நின்றிருந்தது. மஞ்சள்வெயில் சொன்ன அனுபவமும் இதேதான்.

இன்னொரு பக்கம், 25 பேரில் 8 பேருக்குக் கல்லீரல் பரிசோதனை முடிவுகள் கெட்டுப்போயின. ஒருவருக்கு அனாபிலாக்சிஸ், அதாவது பி.பி. இறங்கி உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை வந்தது. எங்கோ ஒருவருக்கு என்று நீங்கள் நினைக்கிற கணக்கு இது இல்லை. 25 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, எல்லா இடத்திலும் மூன்றில் ஒருவருக்கு வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாதுகாப்பானது என்று சொல்ல யாரிடமும் இதைவிடப் பெரிய ஆய்வு இல்லை.

பெனிசிலினோடு ஒப்பிட்டீர்கள். நிமோனியா வந்தவருக்குப் பெனிசிலின் கொடுக்கும்போது ஆபத்தையும் பலனையும் எடைபோட முடியும், ஒரு தட்டில் உயிர் இருக்கிறது. இங்கே அந்தத் தட்டில் என்ன இருக்கிறது? சில மாதத்தில் மறைந்துவிடும் ஒரு சாயல். மாநிறம் நோயே அல்ல. என் கிளினிக்குக்கு வரும் பெண் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே ஆற்றாமையாக இருக்கிறது. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். குளுட்டாதயோன் அதைத் தடுக்கிறது, கறுப்பு மெலனினுக்குப் பதில் வெளிர் மெலனின் உருவாகும்படி திருப்புகிறது. சோதனைக்கூடத்தில் இது உண்மை. உடம்பில் நரம்பு வழியாக ஏற்றினால் ரத்தத்தில் அதன் அளவு நிமிடக் கணக்கில் பாதியாக இறங்கிவிடுகிறது. அதனால்தான் நிறம் நிற்பதில்லை, அதனால்தான் மெயின்டெனன்ஸ் டோஸ் என்று திரும்பத் திரும்ப வரச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதே ஆபத்து புதிதாகத் தொடங்குகிறது. முதல் நான்கு முறை ஒன்றும் ஆகவில்லை என்பது ஐந்தாவது முறைக்கு உத்தரவாதம் இல்லை. ஒவ்வாமை அப்படித்தான் வரும், உடம்பு ஒரு பொருளை முன்பே சந்தித்துப் பழகிய பிறகு.

இந்தியாவில் தோலை வெளுப்பாக்க என்று குளுட்டாதயோன் ஊசிக்கு அனுமதி கிடையாது. இதைச் சொல்லாமல் யார் போட்டாலும், டாக்டரே போட்டாலும், முழு விவரம் சொல்லாமல் போடுகிறார் என்றுதான் அர்த்தம்.

கணக்குப்பிள்ளை
விவரத்துக்கு நன்றி டாக்டர். வைட்டமின் ஊசிகளையும் இதே தட்டில் வைப்பீர்களா? வைட்டமின் என்பது உணவுச் சத்துதானே.

தோல்மருத்துவர்_திருச்சி
சாப்பிடும்போது உணவுச் சத்து. வைட்டமின் சி மாத்திரையை எவ்வளவு விழுங்கினாலும் குடல் ஓர் அளவுக்குமேல் உறிஞ்சாது, மிச்சம் வெளியே போய்விடும். நரம்பில் ஏற்றினால் அந்தக் காவல் இல்லை. அது உடைந்து ஆக்சலேட் என்ற உப்பாக மாறும், சிறுநீரகத்தில் படியும். ஏற்கனவே சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் சி ஏற்றி, சிறுநீரகம் செயலிழந்து போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

வைட்டமின் என்ற பெயரை நம்பி நடந்த பெரிய கொடுமை ஒன்று உண்டு. 1983 நவம்பரில் அமெரிக்காவில் இ-ஃபெரால் என்று ஒரு வைட்டமின் இ ஊசி விற்பனைக்கு வந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு நரம்பு வழியாகக் கொடுக்க. வைட்டமின்தானே என்று அரசு அனுமதி வாங்காமலே விற்றார்கள். வைட்டமின் இ தண்ணீரில் கரையாது என்பதால் பாலிசார்பேட் என்ற கரைப்பான்களைச் சேர்த்திருந்தார்கள். குழந்தைகளுக்கு வயிற்றில் நீர் கோத்தது, கல்லீரலும் சிறுநீரகமும் செயலிழந்தன, ரத்தத் தட்டணுக்கள் குறைந்தன. 1984 ஏப்ரலில் திரும்பப் பெறுவதற்குள் 38 குழந்தைகள் இறந்துவிட்டார்கள். அதுவும் ஆன்டிஆக்ஸிடன்ட் ஊசிதான்.

இன்னும் சமீபத்தில், 2022ல் வெளியான லோவிட் ஆய்வைப் பாருங்கள். ரத்தத்தில் கிருமி பரவித் தீவிர சிகிச்சையில் இருந்த 872 நோயாளிகள். பாதிப் பேருக்கு வைட்டமின் சி ஊசி. உதவும் என்ற நம்பிக்கையில்தான் தொடங்கினார்கள். 28 நாள் முடிவில் இறந்தவர்களும் உறுப்புச் செயலிழப்பு நீங்காதவர்களும் வைட்டமின் சி குழுவில் 44.5 சதவீதம், மற்றதில் 38.5 சதவீதம். ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் நல்லதுதான் செய்யும் என்ற எண்ணத்தையே இது கேள்வி கேட்கிறது.

மருந்தாளுநர்_கோவை
டாக்டர் சொன்னதோடு மருந்துக்கடைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். எல்லோரும் உடம்பு என்ன செய்யும் என்று பேசுகிறோம், குப்பிக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

2019ல் அமெரிக்காவில் ஏழு பேருக்குக் குளுட்டாதயோன் ஊசி போட்டதும் குளிர், வாந்தி, உடம்புவலி, மூச்சுத்திணறல், பி.பி. இறக்கம் என்று வந்தது. விசாரித்தபோது, உணவுத் துணைப்பொருளாக விற்கும் தரத்தில் இருந்த பவுடரை வாங்கி ஊசி மருந்தாகக் கலந்திருக்கிறார்கள். அதில் எண்டோடாக்சின் இருந்தது. பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் நச்சு அது. வாய் வழியாகப் போனால் பெரிதாக ஒன்றும் செய்யாது. ரத்தத்தில் நேராகப் போனால் காய்ச்சலும் அதிர்ச்சியும் வரும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. பார்வைக்கு மருந்து பளிச்சென்று தெளிவாகவே இருக்கும்.

நம் ஊரில் இணையத்தில் விற்கிற பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். லட்சக்கணக்கான மில்லிகிராம் என்று அச்சடித்திருப்பார்கள். ஒரு லட்சம் மில்லிகிராம் என்றால் நூறு கிராம். அந்தச் சின்னக் குப்பியில் நூறு கிராம் பவுடர் எப்படி அடங்கும்? இத்தாலி, ஸ்விட்சர்லாந்து, ஜப்பான் என்று பெயர் மட்டும் இருக்கும், இறக்குமதி உரிம எண் இருக்காது, இந்தியாவில் இறக்குமதி செய்தவர் முகவரி இருக்காது. முறையாக விற்கும் மருந்தில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, அதிகபட்ச விலை நான்கும் இருந்தே ஆக வேண்டும். பார்லரில் குப்பியைக் கையில் வாங்கிப் பாருங்கள். "மிக்ஸ் பண்ணி வெச்சாச்சு" என்று வெறும் பாட்டிலைக் காட்டினால், உள்ளே என்ன இருக்கிறது என்று ஏற்றுகிறவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஒரே குப்பியை இரண்டு மூன்று பேருக்குப் பிரித்துப் போடுவதும் நடக்கிறது. செலவு மிச்சம் என்று. அதுதான் எனக்கு மிகவும் பயம். மருந்து சுத்தமாக இருந்தாலும், ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சு மறுபடி அந்தக் குப்பிக்குள் போனால் எல்லாம் முடிந்தது.

அம்மு_தர்மபுரி
தாவோ தம்பி ஜி6பிடி என்று எழுதியதைப் பார்த்ததும் பதறிவிட்டேன். என் மகனுக்கு அது இருக்கிறது. மலேரியா மாத்திரை கொடுத்தபோது சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போய், பிறகுதான் கண்டுபிடித்தார்கள். இது எனக்கும் இருக்குமா? நானும் எடைக் குறைப்பு கிளினிக் ஒன்றில் வைட்டமின் சி டிரிப்ஸ் போடுவதாக இருக்கிறேன்.

வார்டு_செவிலி
அம்மு, இப்போதைக்குப் போடாதீர்கள். ஜி6பிடி குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிறது, மகனுக்கு அம்மாவிடமிருந்துதான் போகும். பெண்களுக்குப் பெரும்பாலும் வெளியே தெரியாது, சிலருக்கு நொதி குறைவாகவே இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உங்கள் சகோதரிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அதிக அளவு வைட்டமின் சி ஏற்றும் எந்த இடமும் முதலில் இந்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும். கேட்காத இடத்தை நம்பாதீர்கள். உடம்பில் இரும்புச்சத்து தேங்கும் நோய் உள்ளவர்களுக்கும், கல் பிரச்சினை இருந்தவர்களுக்கும் இது ஆகாது.

சர்க்கரை_அப்பா
நான் சர்க்கரை நோயாளி. பாதத்தில் எரிச்சலுக்கு ஆல்ஃபா லிபோயிக் ஆசிட் ஊசி போட்டார்கள், டாக்டர்தான் எழுதினார். அதுவும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறார்கள். இதைப் படித்ததும் கவலையாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

தோல்மருத்துவர்_திருச்சி
ஐயா, நீங்களாக நிறுத்த வேண்டாம். உங்களுடையது வேறு விஷயம். நரம்புப் பாதிப்புக்கு அந்த மருந்தைக் கொடுக்கும் வழக்கம் ஜெர்மனி போன்ற நாடுகளிலும் நீண்ட காலமாக உண்டு. உங்கள் டாக்டர் ஒரு காரணத்துக்காகக் கொடுக்கிறார். கவனிக்க வேண்டியது இரண்டு. லிபோயிக் ஆசிட் எடுக்கும் சிலருக்கு உடம்பே இன்சுலினுக்கு எதிரான எதிர்ப்பொருளை உண்டாக்கி, திடீரென்று சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். ஜப்பானில் 1970ல் முதலில் விவரித்த நோய் அது, அரிதானது. காரணமில்லாமல் வியர்வை, நடுக்கம், பசி என்று வந்தால் உடனே சர்க்கரை பாருங்கள், டாக்டரிடம் மருந்தின் பெயரோடு சொல்லுங்கள்.

இரண்டாவது, யாராவது உங்களுக்கு வைட்டமின் சி டிரிப்ஸ் ஏற்றினால் வீட்டிலுள்ள சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையை இருப்பதைவிட மிக அதிகமாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து. அந்த நேரத்தில் லேப் பரிசோதனையை மட்டும் நம்புங்கள்.

நெல்லை_அக்கா
எல்லோருக்கும் நன்றி. நேற்று பார்லருக்கு நேரில் போய் செவிலி அக்கா சொன்ன கேள்விகளைக் கேட்டேன். டாக்டர் "ஆன் கால்" என்றார்கள். ஊசி போடும் பெண் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாராம், எங்கே படித்தார் என்று சொல்லவில்லை. அட்ரினலின் பற்றிக் கேட்டதற்கு முகம் மாறிவிட்டது. குப்பியைக் காட்டச் சொன்னேன், அதில் விலையே அச்சிடவில்லை. மேக்கப் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மாவிடம் டாக்டர் எழுதிய அந்தப் பாகிஸ்தான் ஆய்வைப் படித்துக் காட்டினேன். உப்புநீர் ஏற்றினவங்களுக்கே கலர் வந்திருக்கே என்று கேட்டார். தங்கைக்குத்தான் கொஞ்சம் வருத்தம். தோலுக்கு வேறு என்ன செய்யலாம் டாக்டர்?

தோல்மருத்துவர்_திருச்சி
வெயிலில் போகும்போது எஸ்.பி.எஃப். 30க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அரிப்பு, பரு, கரும்புள்ளி இருந்தால் இப்போதே தோல் மருத்துவரிடம் காட்டட்டும், தை மாதத்துக்குள் தெளிந்துவிடும். பார்லரில் பெயர் ஒட்டாத டப்பாவில் கொடுக்கும் கிரீம் எதுவும் வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கலாம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை 2023ல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மஞ்சள்வெயில்
இதையெல்லாம் படித்தபின் ஒரு சந்தேகம். நான் எடுத்து முடித்து மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது ஏதாவது பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? எனக்குப் போட்ட இடத்தில் குப்பியை ஒவ்வொரு முறையும் புதிதாக உடைத்தார்களா என்று நான் கவனிக்கவில்லை.

வார்டு_செவிலி
பயப்படாதீர்கள் மா, பார்த்துக்கொள்வது நல்லது. கல்லீரல் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை மூன்றும் எடுங்கள். கூடவே எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. கடைசி ஊசி போட்டு மூன்று மாதம் தாண்டிவிட்டது என்றால் எச்.ஐ.வி. முடிவை நம்பலாம். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று இருக்கும், அங்கே இலவசமாக, ரகசியமாகப் பார்ப்பார்கள். உங்களைக் கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்த மாட்டார்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

முடிவுகளில் எதுவும் மாறியிருந்தால் டாக்டரிடம் டிரிப்ஸ் எடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலோர் சொல்வதில்லை, அதனால் நாங்கள் வேறு எங்கெங்கோ காரணம் தேடுகிறோம். ஊசியால் வந்த பாதிப்பை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம், மருந்துகளின் பக்கவிளைவைக் கண்காணிக்கும் மத்திய அரசுத் திட்டத்தின் எண் அது. ஹெபடைடிஸ் பி இல்லை என்று முடிவு வந்து, தடுப்பூசியும் இதுவரை போட்டதில்லை என்றால், அன்றைக்கே முதல் டோஸைப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாவது மாதத்தில்.